பிரெய்ரி உழவு மண்ணைத் தோண்டி, படித்து, வகைப்படுத்துவது எப்படி: இல்லினாய் ட்ரம்மர் மண்ணை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மண் வரைபடத்தில் 152ஏ என்ற குறியீடு போட்டிருக்கிறது, அப்படியென்றால் இது ட்ரம்மர் மண். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் குழிக்குள்ளேயே இறங்குகிறார்கள். அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் ட்ரம்மராகவே தெரியும். இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் பார்க்கிறோம், பிறகு அளக்கிறோம், பெயர் கடைசியில்தான் வரும்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது அமெரிக்காவின் நடு இல்லினாய், ஷாம்பெய்ன் பக்கத்து நிலம். ஒரு காலத்தில் ஆளுயரப் புல் நின்ற பிரெய்ரி, இப்போது மக்காச்சோளமும் சோயாவும். அங்கே மண் ஆய்வகத்தில் இருந்த சில வருடங்களில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மாணவர்களோடு குழி தோண்டினேன். அவர்கள் எங்கே சறுக்கினார்களோ அங்கெல்லாம் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1. கிளம்புவதற்கு முன்

நில உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். அடுத்து, சில நாட்கள் முன்னதாகவே 811 எண்ணுக்கு அழைத்துத் தோண்டப் போகும் இடத்தைச் சொல்லுங்கள். எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் போகும் வழியை வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் வயலுக்கு அடியில் ஓடும் வடிகால் குழாய்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அவை விவசாயியின் சொந்தச் சொத்து. இந்த ஊரில் தட்டையான வயல் என்றால் அநேகமாக அடியில் குழாய் இருக்கும். விவசாயியிடம் கேட்பது ஒன்றே வழி. கேட்காமல் தோண்டி ஒரு பழைய சுட்ட களிமண் குழாயை உடைத்துவிட்டு, அந்தப் பெரியவர் முன்னால் தலை குனிந்து நின்றிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நல்ல காலம் அறுவடை முடிந்ததிலிருந்து நிலம் உறைவது வரை. வசந்த காலத்தில் போனால் நீங்கள் தோண்டத் தோண்ட குழி கிணறாகும்.

எடுத்துப் போக வேண்டியவை: தட்டை மண்வெட்டி, இரண்டு மீட்டர் வரை இறங்கும் மண் துளைப்பான், கூர் கத்தி, அளவு நாடா, மன்செல் நிற அட்டைப் புத்தகம், தண்ணீர் தெளிப்பான், சொட்டுக் குப்பியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பைகள், அழியாத மார்க்கர், இரண்டு தார்ப்பாய். எல்லாரும் மறப்பது தார்ப்பாயைத்தான், அது எதற்கு என்பது மூன்றாம் படியில் வருகிறது.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வரைபடத்தின் வேலை இந்தப் படியோடு முடிந்தது. எந்தப் பகுதிக்குப் போவது என்று பார்த்துக்கொண்டு மடித்து வைத்துவிடுங்கள்.

கண்ணுக்கு இந்த நிலம் கேரம் போர்டு மாதிரி தட்டையாகத் தெரியும். ஆனால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயர வித்தியாசத்தில் மண்ணே மாறிவிடும். லேசான மேட்டுச் சரிவில் கேட்லின், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட சமதளத்தில் ஃபிளானகன், தாழ்வில் ட்ரம்மர் என்று ஒரே வயலுக்குள் அடுத்தடுத்து இருக்கும். மூன்றும் கருப்பு மேல்மண் உள்ளவைதான். வேறுபாடு நீர் எவ்வளவு காலம் நின்றது என்பதில்.

அதனால் எடுத்த எடுப்பில் தோண்டாதீர்கள். நான்கைந்து இடத்தில் துளைப்பானை இறக்கிப் பார்த்து, அந்தத் தாழ்வுக்குப் பொதுவான இடம் எது என்று முடிவு செய்யுங்கள். வண்டி திரும்பும் வரப்போரம், பழைய வேலி ஓரம், சாலையோரம், குழாய் புதைத்த வாய்க்கால் கோடு ஆகியவற்றைத் தவிர்க்கவும். அங்கெல்லாம் மண் இறுகியோ கலந்தோ இருக்கும். குழாய்க் கோட்டின் மேல் தோண்டினால் மேல்மண்ணும் அடிமண்ணும் கொத்து பரோட்டாவாகக் கலந்து கிடக்கும், அதில் அடுக்கு தேடி ஒரு மதியம் முழுக்க வீணடித்த குழுவைப் பார்த்திருக்கிறேன்.

3. குழி தோண்டுதல்

சுமார் 120 செ.மீ. ஆழம் போதும். அதற்குக் கீழே குழியின் அடியில் நின்றபடி துளைப்பானால் 200 செ.மீ. வரை எடுங்கள். 5 அடியைத் தாண்டிய குழிக்குச் சுவர் தாங்கல் தேவை என்பது அங்கே பணியிடப் பாதுகாப்பு விதி, இந்த ஈர மண்ணில் அது வெறும் சட்டச் சடங்கு இல்லை. 200 செ.மீ. வரை ஏன் போக வேண்டும் என்பது பத்தாம் படியில் தெரியும்.

கருப்பு மண்ணை ஒரு தார்ப்பாயிலும் சாம்பல் நிற அடிமண்ணை இன்னொன்றிலும் கொட்டுங்கள். மூடும்போது அடிமண் முதலில், கருப்பு மண் மேலே. இது மாறினால் அடுத்த வருடம் அந்த வயலில் உங்கள் குழி மட்டும் வெளிறித் தெரியும்.

வெயில் நேராக விழும் பக்கத்தைப் படிக்கும் முகமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்துக்கு மேலே யாரும் நிற்கக் கூடாது. நின்றால் மேல் 20 செ.மீ. அமுங்கி, இயல்பான குருணைக் கட்டமைப்பு தகடாகத் தெரியும்.

துளைப்பான் மட்டும் வைத்து வேலை செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். அழுத்தி எடுக்கும் குழல் மண்ணைச் சுருக்கிவிடும். 60 செ.மீ. துளையிலிருந்து 50 செ.மீ. மண்தான் வரும். துளையின் ஆழத்தையும் வந்த மண்ணின் நீளத்தையும் தனித்தனியாக அளந்தால்தான் அடுக்குகளின் ஆழம் சரியாக வரும்.

4. முகத்தைக் கொத்தி, கோடு போடுதல்

மண்வெட்டி இழுத்த முகம் பூசி மெழுகியதுபோல் இருக்கும். அதில் கட்டமைப்பும் தெரியாது, நிறப்புள்ளிகளும் தெரியாது. கத்தி நுனியால் மேலிருந்து கீழாகக் கொத்தி, மண் தானாக உடையும் தளங்களில் உடையவிடுங்கள். கீழிருந்து மேலே போனால் சுத்தம் செய்த இடத்தில் மறுபடி தூள் விழும்.

நாடாவைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுங்கள். பிறகு, நிற அட்டையைத் தொடுவதற்கு முன்பே, அடுக்கு மாறும் இடங்களில் ஆணி குத்துங்கள். கண்ணால் நிறம், கத்தியால் இறுக்கம், விரலால் நயம் (களி, வண்டல், மணல் கலந்திருக்கும் விதம்), இந்த மூன்றில் எது மாறினாலும் ஆணிதான். எண்களை முதலில் எடுத்தால், எண் மாறுகிற இடத்தில்தான் அடுக்கும் மாறுகிறது என்று மூளை தீர்மானித்துவிடும்.

நாங்கள் எடுத்த ஒரு குழியின் நோட்டு இப்படி இருந்தது:

0–18 செ.மீ.: உழவு அடுக்கு, கருப்பு, குருணை.
18–36: கருப்பு, மேல் விளிம்பில் லேசான தகடு.
36–48: மிகக் கருஞ்சாம்பல், சிறு கட்டிகள்.
48–106: சாம்பல், நிறையச் செம்பழுப்புப் புள்ளிகள், பட்டகக் கட்டிகள்.
106–125: சாம்பல், கையில் திடீரென்று மணல் நெருடும்.
125-க்குக் கீழ்: சாம்பல், மணலும் வண்டலும் மாறி மாறிப் படிந்த வரிகள்.

18-இல் தெரிந்த தகடு இயற்கையானது அல்ல, கலப்பையும் டிராக்டர் சக்கரமும் வைத்தது. 106-இல் வந்த நெருடல் முக்கியம். அதற்கு மேலே உள்ளது பெரும்பாலும் காற்று கொண்டுவந்து போட்ட நுண் வண்டல், லோயஸ். கீழே உள்ளது பனிப்பாறை உருகிய நீர் அடித்துவந்த படிவு. தாய்ப்பொருள் மாறுவதால் அங்கிருந்து அடுக்குப் பெயருக்கு முன்னால் 2 என்ற எண் சேரும். புதியவர்கள் பாதிப் பேர் இந்த 2-ஐ விட்டுவிடுவார்கள்.

5. நிறம் படித்தல்

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கட்டியை உடைத்து, உட்புறத்தை அட்டையின் துளைக்குப் பின்னால் பிடியுங்கள். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடவும். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் நவம்பர் வெளிச்சத்தில் எல்லா மண்ணும் ஒரு படி சிவந்து தெரியும்.

ஈரத்தில் ஒரு முறை, காய்ந்தபின் ஒரு முறை, இரண்டையும் எழுத வேண்டும். ஈரம் என்றால் தண்ணீர் தெளித்து, மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருந்து பார்ப்பது. சொட்டச் சொட்ட வைத்துப் பார்த்தால் எதுவும் கருப்பாகத்தான் இருக்கும்.

மாலிக் மேலடுக்கு (கரிமம் சேர்ந்த தடித்த கருப்பு மேல்மண்) என்ற தகுதிக்கு ஈரத்தில் வேல்யூ (நிறத்தின் வெளிர்வு) 3 அல்லது அதற்குக் கீழ், குரோமா (நிறத்தின் அழுத்தம்) 3 அல்லது அதற்குக் கீழ், காய்ந்தபின் வேல்யூ 5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். மேலே சொன்ன குழியில் மேல் இரண்டு அடுக்கும் 10 ஒய்ஆர் 2/1 (முதலில் சாயல், பிறகு வேல்யூ, கோட்டுக்குப் பின் குரோமா), மூன்றாவது 10 ஒய்ஆர் 3/1. மூன்றாவதும் தகுதிக்குள் வருகிறது. உழவு அடுக்கோடு அளவை நிறுத்திவிடுவது வழக்கமான தப்பு. மாலிக் மேலடுக்கு என்பது அடுக்கின் பெயரைப் பார்ப்பதில்லை, தகுதியைத்தான் பார்க்கிறது. இங்கே அதன் தடிமன் 18 இல்லை, 48 செ.மீ.

6. மண் நயம்: விரல் சோதனை

ஒரு எலுமிச்சை அளவு மண்ணை எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவுபோல் பிசையுங்கள். குறைந்தது இரண்டு நிமிடம். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். இந்த மண்ணின் குருணைகளைக் கரிமப்பொருள் கெட்டியாகக் கட்டி வைத்திருக்கும், அவை கரையும்வரை மணல் மாதிரி நெருடிக்கொண்டே இருக்கும். அதை நம்பி மணல் என்று எழுதினால் ஆய்வக அறிக்கை வரும்போது முகம் சிவக்கும்.

பிசைந்ததைப் பெருவிரலால் தள்ளி நாடாவாக்குங்கள். 2.5 செ.மீ. தாண்டி 5 செ.மீ.க்குள் அறுந்து விழுந்து, தேய்த்தால் மைதா மாவுபோல் வழுவழுவென்று இருந்தால், அது களத்தில் எல்லாரும் சில்ட்டி க்ளே லோம் என்று சொல்லும் நயம். களி 27 முதல் 40 சதவீதத்துக்குள், மணல் 20 சதவீதத்துக்கும் கீழே.

7. நீர் நின்ற சுவடு

இந்த வேலையில் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாக.

ஆகஸ்ட் மாதம் போய் நின்றால் இந்த வயல் புழுதி பறக்கும். அடியில் குழாய் நீரை இழுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நல்ல வடிகால் உள்ள மண் என்று எழுதுகிறார்கள். மண் சொல்வது வேறு. நீர் நிரம்பிக் காற்றில்லாமல் போன மண்ணில் நுண்ணுயிர்கள் இரும்பை ஒடுக்கும், ஒடுங்கிய இரும்பு கரைந்து நகரும். இரும்பு போன இடம் சாம்பலாகும். வேர்த் துளை, விரிசல் என்று காற்று கிடைத்த இடத்தில் அதே இரும்பு துருவாகப் படிந்து செம்பழுப்புப் புள்ளியாகும். குழாய் பதித்து நூறு வருடம் ஆனாலும் இந்தச் சுவடு அழிவதில்லை.

சாம்பல் எங்கே தொடங்குகிறது, புள்ளிகள் எத்தனை சதவீதம், எந்த நிறம், கட்டியின் உள்ளேயா வேர்த்துளை ஓரத்திலா, இவ்வளவையும் எழுதுங்கள். கருப்பு அடுக்குக்குள் புள்ளி தெரியவில்லை என்பதால் அங்கே நீர் நிற்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கரிமத்தின் கருப்பு அதை மறைத்துவிடும். ஒரு கட்டியைப் பிட்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், வேர்த்துளையை ஒட்டி ஊசி முனை அளவு துரு சில சமயம் தெரியும்.

8. அமிலச் சொட்டு

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சொட்டு. நுரைத்தால் சுண்ணாம்புக் கார்பனேட் இருக்கிறது. எந்த ஆழத்தில் நுரை தொடங்குகிறது என்பதைச் செ.மீ.யில் எழுதுங்கள்.

உழவு அடுக்கில் நுரை வந்தால் உடனே நம்பாதீர்கள். விவசாயி தூவிய சுண்ணாம்புக்கல் தூளாக இருக்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் வெள்ளைத் துகள் மட்டும் நுரைக்கும், சுற்றியுள்ள மண் சும்மா இருக்கும். மண் முழுக்கவே நுரைத்து, கூடவே சின்னச் சின்ன நத்தை ஓடுகளும் கிடைத்தால் அது வேறு கதை. அது கடைசிப் படிக்கு.

9. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புதல்

அடுக்குவாரியாக எடுங்கள், 15 செ.மீ. 30 செ.மீ. என்று ஆழவாரியாக அல்ல. இரண்டு அடுக்கு கலந்த பையிலிருந்து வரும் எண் எந்த அடுக்குக்கும் சொந்தமில்லை. கீழிருந்து மேலாக எடுத்தால் மேல்மண் உதிர்ந்து கலக்காது. ஒரு அடுக்குக்கு அரைக் கிலோ போதும். பைக்கு வெளியே எழுதுவதோடு உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள்.

கேட்க வேண்டியவை: களி, வண்டல், மணல் பிரிப்பு, அங்ககக் கரிமம், பிஹெச், பிஹெச் 7 அமோனியம் அசிடேட் முறையில் அயனிப் பரிமாற்றத் திறனும் (மண் பிடித்து வைக்கக்கூடிய நேர் அயனிகளின் அளவு) காரச் செறிவும் (அதில் கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றின் பங்கு). உரப் பரிந்துரைக்குத் தரும் சாதாரண அறிக்கையிலும் காரச் செறிவு என்று ஒரு வரி இருக்கும், அதன் கணக்குமுறை வேறு. அதைத் தூக்கி வகைப்பாட்டில் போடக் கூடாது.

இன்னொரு குழப்பம்: அறிக்கையில் வருவது பெரும்பாலும் கரிமப்பொருள், வகைப்பாடு கேட்பது அங்ககக் கரிமம். முதலாவதை 1.72-ஆல் வகுத்தால் இரண்டாவது. 5 சதவீதக் கரிமப்பொருள் என்றால் சுமார் 2.9 சதவீதக் கரிமம்.

10. சாவி நூலில் இறங்குதல்

அமெரிக்க மண் வகைப்பாட்டின் சாவி நூல், அதாவது மண்ணின் பெயரைக் கண்டுபிடிக்கும் கையேடு, ஒரு வடிகட்டி. மொத்தம் 12 வரிசைகள், இவைதான் மிகப் பெரிய பிரிவுகள். முதலிலிருந்து தொடங்கி, முதன்முதலாக எது பொருந்துகிறதோ அதுவே விடை. நடுவில் குதிக்கக் கூடாது. பிரெய்ரி மண் என்றாலே மாலிசால் (கருப்பு மேல்மண் கொண்ட புல்வெளி மண்) தானே என்று நேராக அந்தப் பக்கத்தைத் திறப்பது தவறு, மாலிசால் ஒன்பதாவதாகத்தான் வருகிறது.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒரு தனித் தப்பு செய்வார்கள், நானும் செய்தேன். கருப்பைக் கண்டதும் கோவில்பட்டிக் கரிசல் ஞாபகம் வந்து, வெர்டிசால் (ஈரத்தில் விரிந்து காய்ந்தால் வெடிக்கும் களிமண்) என்று எழுதிவிடுவது. வெர்டிசால் ஆறாவதாக, மாலிசாலுக்கு முன்பே வருகிறது என்பதால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். 30 சதவீதக் களி மட்டும் அதற்குப் போதாது. ஒன்றோடொன்று வழுக்கித் தேய்ந்து பளபளக்கும் முகங்களோ ஆப்பு வடிவக் கட்டிகளோ வேண்டும், பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் விரிசல்களும் வேண்டும். எங்கள் குழியில் அந்தப் பளபளப்பு இல்லை. கரிசலில் கருப்பு அதிகம், கரிமம் குறைவு. இங்கே கருப்புக்குக் காரணமே புல் வேர்கள் விட்டுப்போன கரிமம்.

மாலிசாலில்: 48 செ.மீ. மாலிக் மேலடுக்கு, கரிமம் 0.6 சதவீதத்துக்கு வெகு மேலே, காரச் செறிவு கீழே வரை 50 சதவீதத்தைத் தாண்டி. பொருந்துகிறது.

அடுத்து துணைவரிசை. வெளுத்த ஆல்பிக் அடுக்கு இல்லை, ஆகவே ஆல்போல் இல்லை. அடுத்தது அக்வால், நீர் நின்ற மாலிசால். 40 முதல் 50 செ.மீ. ஆழத்துக்குள் ஆண்டில் சிறிது காலமாவது நீர் நிரம்பிக் காற்றில்லா நிலை வேண்டும், அல்லது செயற்கை வடிகால் இருக்க வேண்டும். கூடவே நிறச் சான்று. அந்த “அல்லது செயற்கை வடிகால்” என்ற மூன்று சொல்லுக்குத்தான் ஏழாம் படியில் அவ்வளவு பாடு. அதைத் தவறவிட்டவர்கள் கீழே வழுக்கி உடால் (மழை போதுமான பகுதியின், நீர் நிற்காத மாலிசால்) வரை போய்விடுவார்கள்.

பெரும்பிரிவில் இரண்டு பொறிகள். முதலாவது, பட்டகங்களின் மேல் ஆங்காங்கே களிப்படலம் தெரியும். அதைப் பார்த்ததும் களி சேர்ந்த ஆர்ஜில்லிக் அடுக்கு என்று எழுதி ஆர்ஜியக்வால் ஆக்கிவிடுவது. படலம் மட்டும் போதாது, களியின் அளவும் கூட வேண்டும். மேலடுக்கில் களி 15 முதல் 40 சதவீதம் என்றால் கீழே 1.2 மடங்கு. எங்கள் குழியில் மேலே 30, கீழே 33. 30-இன் 1.2 மடங்கு 36. எட்டவில்லை.

இரண்டாவது, நீர் எங்கிருந்து நிரம்புகிறது. மேலே தேங்கி, 200 செ.மீ.க்குள் கீழே காய்ந்த அடுக்கு இருந்தால் எபியக்வால். கீழிருந்தே நிரம்பியிருந்தால் எண்டோவக்வால். துளைப்பானை 200 செ.மீ. வரை இறக்கச் சொன்னது இதற்காகத்தான். எங்களுக்கு அடிவரை சாம்பல் தொடர்ந்தது: எண்டோவக்வால்.

கடைசியாக உட்பிரிவு. மாலிக் மேலடுக்கு 60 செ.மீ. இருந்திருந்தால் கியூமுலிக். 48 என்பதால் இல்லை. விரிசல் இல்லை, வெர்ட்டிக் இல்லை. எதுவும் ஒட்டாமல் பட்டியலின் அடிக்கு வந்தால் டிப்பிக். ஆக, டிப்பிக் எண்டோவக்வால்.

11. குடும்பப் பெயர்

உட்பிரிவுக்கு அடுத்த நிலை குடும்பம். இது கணக்கு வேலை, சீக்கிரம் முடியும். ஆர்ஜில்லிக் அடுக்கு இல்லாததால் 25 முதல் 100 செ.மீ. வரையிலான பகுதியை எடுத்துத் தடிமன்வாரியாகச் சராசரி போடுங்கள். களி 18 முதல் 35 சதவீதத்துக்குள், நுண்மணலும் அதைவிடப் பருத்ததும் சேர்ந்து 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஃபைன்-சில்ட்டி. இந்த 100 செ.மீ. எல்லையை மறந்து கீழேயுள்ள மணல் வரிகளையும் சேர்த்தால் பெயரே மாறிவிடும்.

கனிமம் எதுவும் தனித்து ஓங்காததால் மிக்ஸ்டு. பரிமாற்றத் திறனைக் களி சதவீதத்தால் வகுத்தால் 0.60 அல்லது மேல் வருவதால் சூப்பராக்டிவ். 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி மண் வெப்பம் 8 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள், கோடைக்கும் குளிருக்கும் பெரிய வித்தியாசம் என்பதால் மெசிக்.

12. இப்போது வரைபடத்தைத் திறக்கலாம்

ஃபைன்-சில்ட்டி, மிக்ஸ்டு, சூப்பராக்டிவ், மெசிக் டிப்பிக் எண்டோவக்வால். அமெரிக்க வேளாண் துறையின் அதிகாரப்பூர்வ விவரணையில் ட்ரம்மருக்கு இருப்பது இதே வரிதான். லோயஸின் தடிமன் 40 முதல் 60 அங்குலம், அடியில் வரிவரியான படிவு, சரிவு 0 முதல் 2 சதவீதம் என்று மற்றதையும் ஒப்பிட்டுவிட்டுப் பெயரை எழுதுங்கள்.

மேற்கே கன்சாஸ் பக்கம் போனால் மழை குறைந்து உஸ்டால்கள் (வறட்சி அதிகமான பகுதியின் மாலிசால்கள்) வரும். எல்லை தாண்டிக் கனடா போனால் புத்தகமே வேறு. அங்கே இப்படி நீர் நின்ற கருமண்ணை செர்னோசெமில் (அவர்களுடைய புல்வெளிக் கருமண்) சேர்க்க மாட்டார்கள், நீர் நின்ற மண்ணுக்கான கிளைசால் வரிசைக்குப் போய்விடும். இரண்டு நாட்டுப் பெயர்களையும் நேருக்கு நேர் மாற்றிப் போட முயலாதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால் வரைபடம் தப்பு என்று அர்த்தமில்லை. ஒரு வரைபட அலகுக்குள் வேறு மண்களும் சிறு திட்டுகளாகக் கலந்திருக்கும். ஒரு வருடம் 152ஏ என்று குறித்த இடத்தில் முதல் சொட்டு அமிலமே உழவு அடுக்கில் பொங்கியது. குழு முழுக்க அது விவசாயி தூவிய சுண்ணாம்பு என்றது. ஒரு பெண் மட்டும் கட்டியைப் பிட்டு, உள்ளே அரிசிக் குருணை அளவில் ஒரு நத்தை ஓட்டைக் காட்டினாள். சுற்றியிருந்த மண்ணும் நுரைத்தது. சாவியில் மறுபடி இறங்கினால், 40 செ.மீ.க்குள் சுண்ணாம்பு சேர்ந்த கால்சிக் அடுக்கு, எண்டோவக்வாலுக்கு முன்பே கால்சியக்வாலில் நின்றுவிட்டது. ட்ரம்மரின் பக்கத்து வீட்டுக்காரன் ஹார்ப்ஸ்டர், வரைபடத்தில் 67ஏ.

விவசாயியிடம் சொன்னபோது அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் திட்டில்தான் வருடா வருடம் சோயா இலை மஞ்சளாகிறது என்றார். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து பயிருக்கு எட்டாது. அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் திட்டின் எல்லை, எனவே துளைப்பானும் அமிலக் குப்பியுமாகப் பத்தடிக்கு ஒரு துளை போட்டுக் கொடி நட்டுவிட்டு வந்தோம்.